விட்டுச் செத்தவர்கள்

திருப்பூர்
14.8.2023

அன்புத் தம்பி சுந்தரபாண்டிக்கு அக்கா செல்வலட்சுமி எழுதுவது. இங்கே எனக்கும் உன் மச்சானுக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அவருக்கு முட்டி வலி மட்டும் கூடவே குடியிருக்கிறது. பரளச்சியில் நீயும் பேச்சியும் பிள்ளை சுகப்பிரியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தாளை எடுத்தேன்.

உறையைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. நம்மைப் பெற்ற அய்யாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, ஊர் கூடியிருக்க, "இனிமே இவகூட ஒரு வார்த்த பேசுனா நான் சின்னச்சாமிக்குப் பொறந்தவன் இல்ல" என்று என்னைக் காட்டிச் சொன்னாய். நான்கு வருசம் ஆகப் போகிறது. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். சரி. பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தாய், எழுத மாட்டேன் என்று செய்யவில்லையே. அந்தச் சந்தில் நுழைந்து வருகிறேன்.

பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் முத்துராஜ் ஊருக்குப் போய் வந்தான். "பாண்டியண்ணனுக்குத் தொண்ட கட்டி ரெண்டு மாசமாச்சு, ஆட்டக் கூப்பிட்டாக்கூட சத்தம் வரமாட்டேங்குது" என்றான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி, அந்தப் பீடியை விட்டுவிடு. அருப்புக்கோட்டையில் பெரியாஸ்பத்திரியில் ஒரு தடவை தொண்டையைக் காட்டு. நான் கேட்பது இவ்வளவுதான்.

எனக்கும் உனக்கும் போன் சரிப்படாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குப் போனை வாசல் பெட்டியில் போட வேண்டும். இரவு எட்டரைக்குத்தான் திருப்பித் தருவார்கள். அதனால் எழுது. விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறை நான்கு உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
அக்கா


பரளச்சி
2.9.2023

அக்காவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். மச்சானுக்கு முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்.

எழுதக் கூடாது என்று சத்தியம் செய்ய மறந்தது என் தப்பு. தொண்டை கட்டியது மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றி இறக்கிய நெடியால். எங்கள் கூட லோடு ஏற்றுகிற ஐயாத்துரைக்கும் கட்டியிருக்கிறது. மழை பெய்தால் சரியாகும். இதில் பீடியை எங்கே கொண்டுவந்தாய்? சிகரெட்டு என்றால் காகிதம், மருந்து, பஞ்சு எல்லாம் எரியும், கெடுதல்தான். பீடி வெறும் இலை. காலையில் ஒன்று பிடித்தால்தான் சளி இளகுகிறது, வயிறும் கழிகிறது. ஐயாத்துரையின் அப்பா எண்பத்தாறு வயதில் பனைமரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தபடியே போனார்.

நம்ம அய்யா நாற்பது வருசம் பீடி குடித்தார். ஒரு நாள் படுத்ததுண்டா? நீ ஆடி மாசம் வந்தாய். பத்திரகாளி கோயில் வாசலில் கற்பூரத்தை அணைக்க வைத்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாய். நூற்றிரண்டாவது நாள், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அவரைத் தூக்கினோம். சூட்டில் பழகிய நெஞ்சு, திடீரென்று குளிர்ந்தால் நிற்குமா? மருதுபாண்டி மாமா விட்டார், இரண்டு மாசம். தனுஷ்கோடி சித்தப்பா விட்டார், நாற்பது நாள். பீடி குடித்துச் செத்தவன் நம்ம ஊரில் எத்தனை பேர் என்று நீ எண்ணிச் சொல். விட்டுச் செத்தவர்களை நான் சொல்கிறேன்.

வருசா வருசம் அய்யா படையலில் ஒரு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும் வைக்கிறேன். நீ பிடுங்கியதை நான் கொடுக்கிறேன். என்னையும் அந்த வரிசையில் அனுப்ப நினைக்காதே.

சுந்தரபாண்டி


திருப்பூர்
9.9.2023

என் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த சந்தோசத்தில் திட்டியதெல்லாம் உறைக்கவே இல்லை. இங்கே இரண்டு பேரும் நடமாடுகிறோம். பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் எப்படிப் போகிறது? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்.

நீ சொல்வது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அய்யா அதனால் சாகவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும், அவ்வளவுதான். மருதுபாண்டி மாமாவையும் தனுஷ்கோடி சித்தப்பாவையும் நீ நன்றாக நினைத்துப் பார். விடுவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள்? கல்லுக்குண்டாகவா இருந்தார்கள்?

வத்தல் நெடி என்றால் ஒரு வாரத்தில் போயிருக்கும். மூன்று மாசம் நிற்காது. உன் காலில் விழுகிறேன். அக்கா தம்பி காலில் விழக் கூடாது என்பார்கள், பரவாயில்லை, விழுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்காக வேண்டாம், சுகப்பிரியாவுக்காகப் போ.

பதில் போடு. இல்லையென்றால் நானே வந்து வாசலில் உட்காருவேன்.

செல்வலட்சுமி


பரளச்சி
20.10.2023

மதிப்பிற்குரிய மதினிக்குப் பேச்சி எழுதியது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

இந்தக் கடிதம் அவுகளுக்குத் தெரியாது. வீட்டில் ஒரே போன், அது அவுக சட்டைப் பையில். சுகப்பிரியா பள்ளிக்கூடம் போகும்போது அருப்புக்கோட்டையில் தபால் பெட்டியில் போடுவாள்.

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்த அன்றைக்கு என்ன நினைத்தாகளோ, பீடிக்கட்டைத் தூக்கிப் பரணில் எறிந்தாக. மூன்று நாள் தொடவில்லை. எனக்குச் சாமி கண் திறந்தது போல இருந்தது. மூன்றாம் நாள் விடிகாலை இருமல் பிடித்தது. அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. துப்பியதில் சிவப்பாக ஒரு இழை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி, விட்டதும் வந்துருச்சு. எங்கய்யாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்று குழந்தை போல நடுங்கினாக. பரணில் ஏறிக் கட்டை எடுத்துப் பற்ற வைத்த பிறகுதான் நடுக்கம் நின்றது. இப்போது முன்னைவிட இரண்டு பங்கு. பேசுவது காற்றாக மட்டும் வருகிறது. மழை பெய்துவிட்டது, தொண்டை திறக்கவில்லை.

மதினி, என்னைத் திட்டாதீர்கள். நிறுத்தச் சொல்லவும் பயமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. நிஜமாகவே விட்டால் செத்துப் போவாகளோ? மாமா சாவதற்கு நான்கு மாசம் முந்தி ராமேசுவரம் போவதாகச் சொல்லிவிட்டு உங்களோடுதானே கிளம்பினாக? ஊருக்குத் திரும்பியபோது மாமா கையில் தீர்த்தச் சொம்பு இல்லை. அன்றைக்கே எனக்கு மனசில் பட்டது. எங்கே போனீர்கள்? எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்.

உங்கள் பேச்சி


திருப்பூர்
28.10.2023

பேச்சிக்கு மதினி எழுதுவது. தைரியமாக இரு தாயி. சாப்பாட்டை விடாதே. வீட்டில் நீயும் விழுந்துவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?

விட்டால் யாரும் சாவதில்லை. முதல் நாட்களில் இருமல் கூடும், பிறகு குறையும் என்று இங்கே கம்பெனி நர்சம்மாவைக் கேட்டேன். ரத்தம் பீடியை விட்டதனால் வந்தது அல்ல. முன்னமே உள்ளே இருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டாவது மதுரைக்குப் போ.

நீ கேட்ட கேள்வியை நான் பத்துத் தடவை படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. செத்துப் போனவருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று என் தொண்டையில் நிற்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

செல்வலட்சுமி


பரளச்சி
24.12.2023

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இருப்பீர்கள்.

பேச்சி உனக்கு எழுதியது தெரியும். இந்த வீட்டில் ரகசியம் நிற்காது. டாக்டரிடம் காட்டிவிட்டேன், வீக்கம்தான், சூடாகக் குடிக்கச் சொன்னார். இனி நீங்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிடலாம்.

காட்டில் கொத்தமல்லி பூத்திருக்கிறது. மிளகாயில் ஈரம் போதவில்லை. ஆடுகளைக் கூப்பிட ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன், கல்லால் தட்டினால் வருகின்றன. நாய் வருவதில்லை, அதற்கு என் குரல் வேண்டுமாம். கஞ்சி இறங்குகிறது, சோறு சிக்குகிறது. பிள்ளை நேற்று எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்துப் பேச்சைக் கண்டுபிடிக்கப் பழகுகிறது போல.

ஒன்று கேட்கிறேன், வேறு ஒன்றும் நினைக்காதே. விடுவதற்கு முன்னால் அய்யா சோற்றை இப்படித் தள்ளி வைத்ததுண்டா? நான் அப்போது கேரளாவுக்குத் தேங்காய் லோடு போய்க்கொண்டிருந்தேன். எனக்கு ஞாபகம் இல்லை.

பாண்டி


திருப்பூர்
5.1.2024

பாண்டி,

நலம் கேட்கிற கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி. பேச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அய்யா ராமேசுவரம் போகவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வருசம் பங்குனியிலேயே பருத்திக் காட்டில் இருமித் துண்டில் ரத்தம் பார்த்திருக்கிறார். ஆனி மாசம் எனக்குப் போன் போட்டு, "தாயி, ஒருத்தருக்கும் சொல்லாம வா" என்றார். படம் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது, மூன்று நான்கு மாசம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அய்யா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது, பஸ் காரியாபட்டி தாண்டியதும், "பாண்டிக்குத் தெரிஞ்சா நாலு ஏக்கரையும் வித்து வைத்தியம் பாப்பான். நானும் நிக்கமாட்டேன், நெலமும் நிக்காது. அவனுக்குத் தெரியவே கூடாது" என்றார். நெஞ்சுக்குள் புகையை இழுக்க முடியாமல் போயிருந்தது. ஊர் கேட்குமே, பாண்டி கேட்பானே, திடீரென்று ஏன் விட்டீர்கள் என்று? அதற்குத்தான் அந்தச் சத்தியம். "நீ வற்புறுத்துனதாச் சொல்லிருவோம்" என்றார். கோயில் வாசலில் அணைத்த கற்பூரத்தை வாங்கி வந்ததே அவர்தான், தம்பி.

விட்டதால் அவர் சாகவில்லை. சாகப் போவது தெரிந்த பிறகு விட்டார். மருதுபாண்டி மாமாவும் தனுஷ்கோடி சித்தப்பாவும் கூட, முடியாமல் போன பிறகுதான் விட்டிருப்பார்கள். நல்லா இருக்கிறவன் எவன் நம்ம ஊரில் பீடியை விட்டிருக்கிறான்? நீ முன்னையும் பின்னையும் மாற்றி எண்ணிவிட்டாய். அப்படி எண்ண வைத்தது நாங்கள் இரண்டு பேரும்.

காரியத்தன்று நீ என்னைப் பழித்தபோது சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்திருந்தேன். நீ கோபமாக இருந்தால் என்ன, நிலம் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே நீ பீடியையும் பிடித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அய்யாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை நகல் எடுத்து இதில் வைத்திருக்கிறேன். தேதியைப் பார். ஆனி மாசத் தேதி. சத்தியம் செய்தது ஆடியில்.

போ. இன்றைக்கே போ.

அக்கா


திருப்பூர்
2.2.2024

தம்பி, கடிதம் கிடைத்ததா? நீ நன்றாகத் திட்டியாவது ஒரு வரி போடு. வாசல் பெட்டியிலிருந்து போனை எடுக்கும்போதெல்லாம் முதலில் உன் பெயரைத் தேடுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா


பரளச்சி
4.3.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது ஜனவரி பதினொன்று. அன்றைக்கு நிறுத்தினேன். இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். முதல் பத்து நாளும் ராத்திரி ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு கிடந்தேன். நாற்பதாவது நாள் தனுஷ்கோடி சித்தப்பாவை நினைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாகவில்லை.

மார்கழியில் டாக்டரிடம் காட்டினேன் என்று எழுதியது பொய். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினேன். இப்போதுதான் மதுரைக்குப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை கிள்ளி அனுப்பினார்கள். குரல்வளையில் புற்று. வெளியே எலும்பு வரை போய்விட்டது. எடுத்தாக வேண்டும், குரல்வளை முழுக்க. டாக்டரம்மா நல்ல மாதிரி. "தொண்ட கட்டுனப்பவே வந்திருந்தா கதிர்வீச்சுக் கரண்டு வச்சே கொணப்படுத்தியிருக்கலாம், கொரலும் மிஞ்சியிருக்கும்" என்றாக. எப்போது வந்திருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டிக் கேட்டேன். "ஆகஸ்ட்டு, செப்டம்பர்" என்றாக.

ஆகஸ்டில் உன் முதல் கடிதம் வந்தது. அதில் வேப்பங்காய் அளவுக்காவது உண்மையை வைத்திருந்தால் நான் போயிருப்பேன். செப்டம்பரில் "தெரியும், அவ்வளவுதான்" என்று எழுதினாய். அந்த ஒரு வரியை அப்படியே நிறுத்திவிட்டாயே அக்கா. செத்தவருக்குக் கொடுத்த வாக்கு பெரிது. இருக்கிறவன் என்ன ஆனாலும் ஆகட்டும். உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. அய்யாவைத் தோண்டி எடுத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. நாலு ஏக்கரும் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்காது அந்த நிலம்.

ஆபரேசன் தேதி இன்னும் சொல்லவில்லை. வார்டில் இடம் வந்ததும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நான் உன்னிடம் பேச வேண்டும். மிச்சம் இருக்கிற காற்றுக் குரலில். நீ கூப்பிடாதே, வந்து நிற்கவும் செய்யாதே. சத்தியம் செய்தவன் நான், உடைக்கிறதும் நானாக இருக்க வேண்டும். உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

பாண்டி


திருப்பூர்
28.3.2024

என் கண்ணுத் தம்பிக்கு,

காயம் ஆறி வருகிறதா? குழாய் வழியாகக் கஞ்சி இறங்குகிறதா? பேச்சி தூங்குகிறாளா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வாசல் பெட்டியில் போனைப் போடமாட்டேன் என்று சண்டை போட்டேன். "ஒருத்திக்குக் குடுத்தா நூறு பேரு கேப்பாக" என்றார் சூப்பர்வைசர். ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு ஓடி, வாட்ச்மேனைக் கெஞ்சிப் பார்த்தேன். பத்தாவது நாள் மதியமும் ஓடினேன். உன் பெயரில் ஏழு அழைப்பு இருந்தது. முதலாவது காலை ஒன்பது பத்துக்கு. கடைசி ஒன்பது ஐம்பதுக்கு. உனக்கு முன்னால் இருந்தவருக்குக் காய்ச்சல் என்று உன்னை முன்னே ஆபரேசனுக்கு எடுத்துவிட்டார்களாம், பேச்சி சொன்னாள். அந்த நாற்பது நிமிசமும் நான் எதைச் செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் உன் கட்டில் பக்கத்தில் நின்றேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தாய். நான் கேட்க வாயெடுத்தேன், நீ மூடிக்கொண்டாய். தம்பி, என்ன சொல்லக் கூப்பிட்டாய்? திட்டத்தான் கூப்பிட்டாய் என்றாலும் எழுது. நான் முதல் கடிதத்தில் சொல்லாமல் விட்டதற்கு அதுவும் வேண்டும் எனக்கு. அந்த ஏழு தடவையில் ஒரு தடவை எடுத்திருந்தால் உன் குரல் என் காதிலாவது மிஞ்சியிருக்கும்.

பாவி அக்கா


பரளச்சி
2.5.2024

அக்கா,

காயம் ஆறிவிட்டது. கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சி ஈரத்துணி கட்டிவிடுகிறாள், செம்மண் புழுதி உள்ளே போகாமல். பிள்ளை நல்ல மார்க்கு வாங்கும் என்று டீச்சர் சொன்னார்களாம். நீ அழுதுகொண்டே வேலை செய்யாதே, கத்தரியில் விரலை வெட்டிக்கொள்வாய்.

என்ன சொல்லக் கூப்பிட்டேன் என்று கேட்டிருந்தாய். திட்டுவதற்கு இல்லை. 'அக்கா' என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். நீ எடுக்கவில்லை என்றதும் போனைக் காதில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்தான் கேட்டார்.

இனி நான் எழுதப் போவதை மெதுவாகப் படி. போன வாரம் டீக்கடைக்குப் போனேன். ஐயாத்துரை இருந்தான். அவனுக்கும் போன வருசம் வத்தல் லோடில் கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை. என்னைப் பார்த்து எழுந்து இடம் விட்டான். அப்புறம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "ஏலே, பாண்டியப் பாத்தீகளா? பீடி குடிச்ச வரைக்கும் காத்தாவது வந்துச்சு. பொங்கலுக்கு முன்னால விட்டான், பங்குனியில கொரலே போச்சு. நான் விடணும்னுதான் நெனச்சேன். இவனப் பாத்த பெறகு விடவே மாட்டேன்."

கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். மருதுபாண்டி, தனுஷ்கோடி, சின்னச்சாமி, அடுத்தது நான். அப்படியில்லை என்று கத்த எழுந்தேன். ஓட்டையிலிருந்து காற்றுதான் வந்தது, துணி நனைந்தது. சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். ஐயாத்துரைக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் பாவம் என்று பார்த்தார்கள். ஒருவன் எனக்கு டீ வாங்கிக் கொடுக்க வந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் மூட நினைக்கவில்லை. ஆனால் ஐயாத்துரைக்கு இன்னும் கொஞ்சம் குரல் இருக்கிறது. அவனுக்கு ஆகஸ்டும் செப்டம்பரும் தாண்டிவிட்டது, இருந்தாலும் மே மாசம் தாண்டவில்லை. எனக்கோ கழுத்தில் இடது பக்கம் புதிதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அடுத்த வாரம் டாக்டரம்மா பார்க்கிறாக. நான் செத்துப் போனால் அவன் சொன்னது உறுதியாகிவிடும், விட்டான், செத்தான் என்று. எனக்குச் சாவைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

அதனால் நீ வா. அய்யாவுக்குக் கொடுத்த வாக்கு என்னோடு முடிந்துவிட்டது, அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டின் அசலைக் கொண்டுவா. டீக்கடை வாசலில் காலை ஆறரைக்கு எல்லோரும் இருப்பார்கள். நடுவில் நின்று தேதியைப் படி. பங்குனியில் ரத்தம், ஆனியில் படம், ஆடியில்தான் கற்பூரம் என்று சத்தமாகச் சொல். அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை, நிறுத்தாமல் சொல்.

நான் உன் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

தம்பி